36 சதவீதம்: ஒரு தலைப்புச் செய்தியின் கதை

2004 செப்டம்பர். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருந்தோம். மூன்று பேர் இந்து, ஒருவன் மேலப்பாளையத்துக்காரன், முஸ்லிம். வீட்டுக்கு ஒரே பேப்பர்தான். காலையில் முதலில் எழுந்தவன் எடுத்துச் சத்தமாகப் படிப்பான், மற்றவர்கள் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார்கள்.

அன்று நான் முதலில் எழுந்திருந்தேன். 2001 சென்சஸின் மதவாரி விவரம் முதல் நாள் வெளியாகியிருந்தது. 1991க்கும் 2001க்கும் இடையில் முஸ்லிம்களின் எண்ணிக்கை 36 சதவீதம் வளர்ந்திருக்கிறது, இந்துக்கள் 20 சதவீதம்தான். முந்தைய பத்தாண்டில் முஸ்லிம் வளர்ச்சி 34.5, இப்போது இன்னும் வேகம் கூடியிருக்கிறது. இதுதான் செய்தியின் சாரம்.

"என்னடா, சீக்கிரமே எங்களை ஓவர்டேக் பண்ணிடுவீங்க போல" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அந்த 36 என் தலையில் அப்படியே தங்கிவிட்டது. எந்தக் கட்சியிலும் நான் இல்லை, யார் மேலும் வெறுப்பு இருந்ததாகவும் நினைவில்லை. ஆனால் ஆபீஸ் கேன்டீனில் மக்கள்தொகை பற்றிப் பேச்சு வந்தால் "சென்சஸே சொல்லுதே, 36 பர்சன்ட்" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்த எண் தவறு என்றும், வெளியான ஓரிரு நாட்களிலேயே திருத்தப்பட்டது என்றும் எனக்குத் தெரிய வந்தது பத்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான். அதுவும் தற்செயலாக, வேறு எதையோ தேடும்போது.

முஸ்லிம்களைப் பற்றிய பொதுக் கருத்தை ஊடகங்கள் உருவாக்குகின்றன என்று சொன்னாலே நமக்கு டிவி விவாதம், கூச்சல், வாட்ஸ்அப் ஃபார்வர்ட் எல்லாம்தான் ஞாபகம் வரும். எனக்கு அதைவிட அமைதியான ஒரு வழி முக்கியமாகப் படுகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத பத்திரிகை, அரசாங்கம் தந்த எண், அதை நம்பும் என்னைப் போன்ற வாசகன். இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும். நூறு வருடத்துக்கு மேலாக நம் நாட்டில் நடக்கும் கதை இது. அதன் நான்கு காட்சிகளை இங்கே குறித்து வைக்கிறேன்.

காட்சி 1: 2004, விடுபட்ட மாநிலம்

முதலில் அந்த 36 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

1991 சென்சஸில் இந்தியாவில் முஸ்லிம்கள் 10.16 கோடி. 2001இல் 13.82 கோடி. வகுத்துப் பார்த்தால் 36 சதவீதம் வளர்ச்சி. கணக்கு சரி.

எங்கே இடிக்கிறது என்றால், 1991இல் ஜம்மு காஷ்மீரில் சென்சஸ் நடக்கவே இல்லை. தீவிரவாதம் உச்சத்தில் இருந்த நேரம். ஆகவே அந்த 10.16 கோடியில் காஷ்மீர் முஸ்லிம்கள் ஒருவர்கூட இல்லை. 2001இல் அங்கே சென்சஸ் நடந்தது. 13.82 கோடியில் அவர்கள் சுமார் 68 லட்சம் பேர். பத்து வருடத்துக்கு முன் "இல்லாத" 68 லட்சம் பேர் திடீரென்று "பிறந்துவிட்டார்கள்". கணக்கின் கண்ணுக்கு அது வளர்ச்சிதான்.

அந்த 68 லட்சத்தைக் கழியுங்கள். 13.14 கோடி. இப்போது வகுத்தால் 29.3 சதவீதம்.

இந்துக்களுக்கும் இதே கணக்கைப் போடலாம். 1991இல் 68.76 கோடி, 2001இல் 82.76 கோடி. 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஜம்மு காஷ்மீரின் 30 லட்சம் இந்துக்களைக் கழித்தால் 19.9. அரைப் புள்ளிகூட நகரவில்லை. விடுபட்ட மாநிலம் முஸ்லிம் பெரும்பான்மை மாநிலம் என்பதால் ஓட்டை ஒரு பக்கத்தை மட்டும் ஏழு புள்ளி உயர்த்திவிட்டது.

முந்தைய பத்தாண்டின் 34.5இலும் இதே மாதிரி ஓட்டை உண்டு. 1981இல் அசாமில் வெளியேற்றப் போராட்டம் காரணமாக சென்சஸ் நடக்கவில்லை, 1991இல் நடந்தது. இரண்டு மாநிலங்களையும் ஒதுக்கிவிட்டு ஒப்பிட்டால் கதை தலைகீழ். முஸ்லிம் வளர்ச்சி விகிதம் சுமார் 33இலிருந்து சுமார் 29 ஆகக் குறைந்திருக்கிறது. வேகம் கூடவில்லை, நன்றாகவே குறைந்திருக்கிறது.

சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழகிய பக். இரண்டு டேபிளை ஒப்பிடும்போது ஒன்றில் சில ரோ விடுபட்டிருக்கும், அதைக் கவனிக்காமல் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுவிடுவோம். என் வேலையில் இப்படி ஒரு ரிப்போர்ட் போயிருந்தால் மறுநாளே மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார். ஜம்மு காஷ்மீரில் 1991இல் சென்சஸ் நடக்காதது ரகசியமும் இல்லை. எந்தச் சென்சஸ் அட்டவணையின் அடிக்குறிப்பிலும் இருக்கும்.

என்ன நடந்தது? செப்டம்பர் 6ஆம் தேதி விவரம் வெளியானது. மறுநாள் தலைப்புச் செய்தி. அப்போது பாஜக தலைவராக இருந்த வெங்கையா நாயுடு கவலை தெரிவித்தார். மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். சென்சஸ் துறை சரிசெய்த எண்களை முன்வைத்தது. எல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஆனால் என் தலைக்குள் முடியவில்லை. திருத்தம் எங்கள் வீட்டுப் பேப்பரிலும் வந்திருக்கத்தான் வேண்டும். அன்று யார் முதலில் எழுந்தானோ, எந்தப் பக்கத்தில் இருந்ததோ. யாரும் சத்தமாகப் படிக்கவில்லை.

காட்சி 2: 1909, "அழிந்துவரும் இனம்"

இது 2004இல் தொடங்கியது இல்லை. சென்சஸ் என்ற ஒன்று இங்கே வந்த நாளிலிருந்தே இருக்கிறது.

1872இல் ஆங்கிலேயர்கள் வங்காளத்தில் முதல் தடவையாகத் தலை எண்ணினார்கள். கிழக்கு வங்காளத்தின் பல மாவட்டங்களில் முஸ்லிம்களே பெரும்பான்மை என்று தெரிந்தபோது அதிகாரிகளே அசந்துபோனார்கள். அதுவரை யாரும் எண்ணியதில்லை. எண்ணாத வரைக்கும் "நாங்கள் இத்தனை பேர், அவர்கள் அத்தனை பேர்" என்ற பேச்சும் இந்த வடிவத்தில் கிடையாது. பத்து வருடத்துக்கு ஒரு தடவை எண்ண ஆரம்பித்ததும் அதுவே ஒரு ஓட்டப் பந்தயம் மாதிரி ஆகிவிட்டது.

1909இல் கல்கத்தாவின் 'பெங்காலி' என்ற ஆங்கில நாளிதழில் ஒரு கடிதத் தொடர் வெளிவந்தது. அந்தப் பத்திரிகையை நடத்தியவர் சுரேந்திரநாத் பானர்ஜி. காங்கிரஸின் மிதவாதத் தலைவர்களில் பெரிய பெயர், மதவெறியர் என்று யாரும் சொல்ல முடியாதவர். தொடரை எழுதியவர் யு.என். முகர்ஜி என்ற ராணுவ மருத்துவர். தலைப்பு, இந்துக்கள் ஓர் அழிந்துவரும் இனம் என்பது. 1872 முதல் 1901 வரையிலான சென்சஸ் எண்களை அடுக்கி, இதே போக்கு நீடித்தால் நானூற்றுச் சொச்சம் வருடங்களில் இந்துக்களே இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். இந்த மாதிரி கணக்குக்கு வழி காட்டியவரும் ஓர் அரசு அதிகாரிதான். 1891 சென்சஸை வங்காளத்தில் நடத்திய ஓ'டானல், வங்காள இந்துக்கள் மறைய எத்தனை வருடம் ஆகும் என்று ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார்.

முகர்ஜியின் எண்கள் பொய் இல்லை. வங்காளத்தில் முஸ்லிம் எண்ணிக்கை வேகமாகத்தான் கூடிக்கொண்டிருந்தது. ஆனால் ஏன்? இந்துக்கள் அதிகம் வாழ்ந்த மேற்கு வங்காளத்தை மலேரியா உருக்குலைத்துக்கொண்டிருந்தது. "பர்த்வான் காய்ச்சல்" என்று பெயர் வாங்கிய கொள்ளைக் காய்ச்சல் ஊர் ஊராகக் காலி செய்தது. ஆற்றுப் போக்கு மாறி மேற்கில் மண் சோர்ந்துகொண்டிருந்தது. கிழக்கிலோ ஆறுகள் புது வண்டலைக் கொட்டின, புது நிலம் உழவுக்கு வந்தது. அங்கே விவசாயி பெரும்பாலும் முஸ்லிம். கிழக்கில் இருந்தவர்கள் வளர்ந்தார்கள், மேற்கில் இருந்தவர்கள் தேய்ந்தார்கள். அட்டவணையில் "மாவட்டம்" என்ற பத்தியை எடுத்துவிட்டு "மதம்" என்ற பத்தியை மட்டும் வைத்தால், கொசுவும் ஆறும் செய்த வேலை மதம் செய்த வேலையாகத் தெரியும்.

முகர்ஜியின் எழுத்தில் சாதி இழிவு பற்றிய கவலையும் இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களை இப்படி நடத்தினால் சமூகம் எப்படி உருப்படும் என்ற கேள்வி அது. அந்தப் பகுதி அவ்வளவாக நிலைக்கவில்லை. நிலைத்தது தலைப்பு. சில வருடங்களில் ஆரிய சமாஜத்தின் சுவாமி சிரத்தானந்தர் முகர்ஜியைச் சந்தித்தார். 1926இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே "அழிந்துவரும் இனம்" வந்து உட்கார்ந்துகொண்டது. சுத்தி, சங்கதன் இயக்கங்களின் அன்றாடப் பேச்சாக அது மாறியது. ஒரு நாளிதழின் கடிதப் பகுதியிலிருந்து ஓர் அரசியல் இயக்கத்தின் அடிப்படை பயம் வரைக்கும், பதினேழே வருடம்.

முகர்ஜி கணக்குப்படி 2329 வாக்கில் இந்துக்கள் இருக்கக் கூடாது. அவர் எழுதி நூறு வருடம் கழித்து, 2011இல், இந்தியாவில் மட்டும் இந்துக்கள் 96.6 கோடி.

காட்சி 3: 2015, ஒரே தாள், இரண்டு செய்தி

2011 சென்சஸின் மதவாரி விவரம் 2015 ஆகஸ்ட் 25ஆம் தேதி வெளியானது. பீகார் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு. இந்தத் தடவை விடுபட்ட மாநிலம் எதுவும் இல்லை. எண்கள் சுத்தம்.

- இந்துக்களின் பங்கு 80.5இலிருந்து 79.8 ஆனது. முஸ்லிம்களின் பங்கு 13.4இலிருந்து 14.2 ஆனது.
- பத்தாண்டு வளர்ச்சி விகிதம் இந்துக்களுக்கு 19.9இலிருந்து 16.8க்கு இறங்கியது. முஸ்லிம்களுக்கு 29.5இலிருந்து 24.6க்கு இறங்கியது.

மறுநாள் பேப்பர்களைப் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஒரு தேசிய நாளிதழ் முஸ்லிம் வளர்ச்சி வேகம் குறைகிறது என்று தலைப்பிட்டது. இன்னொன்று முஸ்லிம் பங்கு ஏறியது, இந்துப் பங்கு இறங்கியது என்று தலைப்பிட்டது. இரண்டும் உண்மை! ஒரே பத்திரிகைக் குறிப்பிலிருந்து எடுத்தவை. யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது.

ஆனால் முதல் பேப்பர் வாங்கும் வீட்டில் அன்று காலை காபியோடு போன சேதி வேறு, இரண்டாவது பேப்பர் வாங்கும் வீட்டில் போன சேதி வேறு. பெரும்பாலானோர் தலைப்பைத் தாண்டிப் படிப்பதில்லை. நானும்தான். வருடக்கணக்காக ஒரே பேப்பர் வாங்கும் ஒருவருக்கு உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதை முடிவு செய்வது, ராத்திரி பத்து மணிக்கு அந்த இரண்டு வரியில் எதை மேலே போடுவது என்று யோசிக்கும் ஓர் உதவி ஆசிரியர்.

அதே 2015இல் ஏப்ரலில் வந்த பியூ ஆய்வு மையத்தின் கணிப்பிலும் இதே கதை. உலகம் முழுதுக்குமான அறிக்கை அது. இந்தியா பற்றி அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, 2050இல் உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடாக இந்தியா இருக்கும். இரண்டு, அப்போதும் இந்தியாவில் இந்துக்கள் சுமார் 77 சதவீதம், முஸ்லிம்கள் சுமார் 18 சதவீதம். முதல் வாக்கியம் ஊர் முழுக்கச் சுற்றியது. இரண்டாவதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

காட்சி 4: 2024, சதவீதத்தின் சதவீதம்

2024 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தல் பாதியில் இருந்தபோது, பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. 167 நாடுகளில் 1950 முதல் 2015 வரை மதங்களின் பங்கு எப்படி மாறியது என்பது அதன் பொருள். இந்தியாவில் இந்துக்களின் பங்கு 84.68இலிருந்து 78.06 ஆனது, முஸ்லிம்களின் பங்கு 9.84இலிருந்து 14.09 ஆனது என்றது அறிக்கை. இதையே சதவீத மாற்றமாகவும் சொன்னது. இந்துப் பங்கில் 7.8 சதவீதக் குறைவு, முஸ்லிம் பங்கில் சுமார் 43 சதவீத உயர்வு.

அன்று மாலைக்குள் டிவியில் ஓடிய எழுத்து: இந்து மக்கள்தொகை 7.8 சதவீதம் சரிவு, முஸ்லிம் மக்கள்தொகை 43 சதவீதம் உயர்வு.

"பங்கு" என்ற ஒரே ஒரு சொல் காணாமல் போயிருந்தது. அதோடு அர்த்தமும் போய்விட்டது.

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வட்டி 8இலிருந்து 10 ஆனால் அதை "2 புள்ளி ஏறியது" என்றும் சொல்லலாம், "25 சதவீதம் ஏறியது" என்றும் சொல்லலாம். இரண்டும் சரிதான், காதில் விழும் சேதி ஒன்றா? 9.84 என்பது சின்ன எண். அது 4.25 புள்ளி ஏறினாலும் 43 சதவீதம் என்று பூதாகரமாகத் தெரியும். 84.68 பெரிய எண். அது 6.6 புள்ளி இறங்கினாலும் 7.8 சதவீதம்தான். சிறுபான்மையின் பங்கை இப்படிச் சொன்னால் எப்போதுமே பெரிதாகத் தெரியும், அது எந்த நாட்டுச் சிறுபான்மையாக இருந்தாலும் சரி. கணக்கின் இயல்பு அது.

சரி, உண்மையில் இந்து மக்கள்தொகை சரிந்ததா? 1951 சென்சஸில் சுமார் 30 கோடி, 2011இல் 96.6 கோடி. மூன்று மடங்குக்கும் மேல். 66 கோடி கூடியிருக்கிறது. முஸ்லிம்கள் அதே காலத்தில் சுமார் 3.5 கோடியிலிருந்து 17.2 கோடி ஆனார்கள். ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கூடியது சுமார் 13.7 கோடி. முஸ்லிம் வளர்ச்சி வேகம் அதிகம் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் "சரிவு" எங்கே இருக்கிறது?

மக்கள்தொகை விஷயத்தில் நீண்ட காலமாக வேலை செய்யும் பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா, ஊடகங்கள் இந்த ஆய்வைத் தவறாகச் சொல்கின்றன என்று உடனே அறிக்கை விட்டது. அதுவும் செய்தியாக வந்தது. ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு முதல் செய்திதான் வந்தது. சிவப்பு அம்புக்குறி, பச்சை அம்புக்குறியோடு. கீழே ஏழெட்டுக் கவலை முகங்கள். எங்கள் பிளாக்கில் ஒரே ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அண்ணன் எப்போதும் தண்ணி லாரி, லிஃப்ட் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் முதலில் பதில் போடுவார். அன்று எதுவும் போடவில்லை.

நான் 84.68, 78.06 கணக்கை விளக்கி நீளமாக ஒரு மெசேஜ் போட்டேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார். இன்னொருவர் "நம்பர் எல்லாம் எப்படி வேணும்னாலும் சொல்லலாம் சார்" என்றார். அவர் சொன்னது சரிதான், அதைத்தானே நானும் சொல்ல வந்தேன்!

தலைப்பில் வராத எண்கள்

இதில் யாரும் சதி செய்ததாக நான் நினைக்கவில்லை. சில இடத்தில் அரசியல் நோக்கம் இருந்திருக்கலாம், ஆனால் அது இல்லாமலே இந்த இயந்திரம் ஓடும். "ஏறுகிறது", "இறங்குகிறது" என்றால்தான் செய்தி. "மெதுவாக ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டிருக்கின்றன" என்பது செய்தியாகாது. ஆனால் நடந்துகொண்டிருப்பது அதுதான்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பதை அது அளக்கிறது. 1992-93இல் முஸ்லிம் பெண்களுக்கு 4.4, இந்துப் பெண்களுக்கு 3.3. 2019-21இல் முஸ்லிம்களுக்கு 2.36, இந்துக்களுக்கு 1.94. இடைவெளி 1.1இலிருந்து 0.42 ஆகச் சுருங்கிவிட்டது. முப்பது வருடத்துக்குள் கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கியவர்கள் முஸ்லிம் பெண்கள். இந்தியாவில் இந்தக் காலத்தில் மிக வேகமான இறக்கம் அவர்களுடையது. இதை முதல் பக்கத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்?

இன்னொன்று. தமிழ்நாட்டில் மொத்தமாக இந்த எண் 1.8, பீகாரில் 3.0. தமிழ்நாட்டு முஸ்லிம் பெண், பீகார் இந்துப் பெண்ணைவிடக் குறைவாகவே பிள்ளை பெறுகிறார். 1909 வங்காளத்தில் மாவட்டம் செய்த வேலையை இன்று மாநிலம் செய்கிறது. பெண் எத்தனை வகுப்பு படித்தாள், எந்த வயதில் கல்யாணம் ஆனது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பவைதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. "மாநிலம்" என்ற பத்தியை அழித்துவிட்டு "மதம்" என்ற பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் மதம்தான் காரணமாகத் தெரியும்.

ஒரு விளையாட்டுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1951 முதல் 2011 வரை அறுபது வருடத்தில் முஸ்லிம் பங்கு 9.8இலிருந்து 14.2. அதாவது 4.4 புள்ளி. இதே வேகத்தில் போனால் 50 சதவீதம் தொட இன்னும் சுமார் 490 வருடம் ஆகும். உடனே இதைப் பகிரலாம் என்று எனக்கே கை பரபரத்தது. அப்புறம்தான் உறைத்தது, முகர்ஜி செய்த அதே தவறைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று. அறுபது வருடக் கோட்டை ஐந்நூறு வருடத்துக்கு நீட்டுவதில் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இடைவெளியே சுருங்கிக்கொண்டிருக்கும்போது நேர்கோடு என்பதே தப்பு. பயத்துக்காக நீட்டினாலும் தப்பு, ஆறுதலுக்காக நீட்டினாலும் தப்பு.

திருத்தம் ஏன் ஒட்டுவதில்லை

உளவியலில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. ஒரு தகவலைக் கொடுத்து, பிறகு "அது தவறு" என்று தெளிவாகச் சொன்னாலும், மனிதர்கள் முடிவெடுக்கும்போது அந்தப் பழைய தகவல் உள்ளே இருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். 1990களிலிருந்து சோதனை மேல் சோதனையாகப் பார்த்திருக்கிறார்கள். திருத்தத்தைப் படித்தவருக்கே இப்படி என்றால் படிக்காதவருக்கு?

36 என்பது ஒரு எண்ணாக என் தலையில் தங்கவில்லை. "அவர்கள் வேகமாகப் பெருகுகிறார்கள்" என்ற உணர்வாகத் தங்கியது. எண் மறந்துபோகும், உணர்வு போகாது. பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும், 2015இன் "பங்கு ஏறியது"வும், 2024இன் 43உம், அந்த உணர்வின் மேல் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகும். திருத்தம் வந்தால் எண்ணை மட்டும் சரி செய்யும், பூச்சைத் தொடாது.

அந்த உணர்வோடு ஒருவர் வீடு வாடகைக்கு விடுகிறார், ஓட்டுப் போடுகிறார், பக்கத்து வீட்டுக்காரரின் மூன்றாவது குழந்தையைப் பார்க்கிறார். தன் வீட்டு மூன்றாவது குழந்தையை அப்படிப் பார்ப்பதில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021இல் நடந்திருக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கப்போகிறது. அதன் மதவாரி எண்கள் ஒருநாள் வெளியாகும். பதினாறு வருட இடைவெளி. இதுவரை எல்லா ஒப்பீடும் பத்து வருடத்துக்கு. பதினாறு வருட வளர்ச்சியைப் பழைய பத்து வருட வளர்ச்சியோடு பக்கத்தில் வைத்தால் எல்லா மதமும் திடீரென்று வேகமெடுத்த மாதிரி தெரியும். அடுத்த பக் இங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது. அன்று காலை தலைப்பைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். எதோடு எதை ஒப்பிடுகிறார்கள், இரண்டிலும் ஒரே இடமும் ஒரே கால அளவும் இருக்கிறதா? சொல்வது எண்ணிக்கையா, பங்கா, வளர்ச்சி வேகமா? மதம் என்ற பத்தியின் பக்கத்தில் மாநிலமும் படிப்பும் போட்டிருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ஃபார்வர்ட் செய்யாமல் இரண்டு நாள் பொறுக்கலாம். 2004இல் இரண்டு நாள் பொறுத்திருந்தால் எனக்குச் சரியான எண் கிடைத்திருக்கும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு மேலப்பாளையத்துக்காரனுக்குப் போன் செய்தேன். இப்போது துபாயில் இருக்கிறான். இரண்டு பெண் பிள்ளைகள். 2004இல் பேப்பர் படித்தேனே, 36 பர்சன்ட், ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

"இருக்குடா" என்றான். "அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல யாராவது பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டா, ரெண்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அவங்க முகத்தைப் பார்ப்பேன்."

அது தப்பான எண்டா, ரெண்டு நாள்லயே திருத்திட்டாங்க என்றேன். காஷ்மீர் கதையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"இதை அன்னைக்கே படிச்சிருக்கலாமேடா" என்றான்.